மார்க்கெட் விழும்போது பணத்தை எங்கே வைப்பது? எஃப்.டி., எஸ்.ஐ.பி., தங்கம், மனை: ஓர் ஒப்பீடு

சந்தை சரியும் வாரங்களில் எனக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரிதான்: "எல்லாத்தையும் வித்துடட்டுமா?" 2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமையும் அப்படித்தான். அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரிகளால் ஆசியச் சந்தைகள் எல்லாம் ஆடிப்போயிருந்த காலை. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் திறந்ததுமே கிட்டத்தட்ட 4,000 புள்ளி கீழே போனது. சாயங்காலம் 2,226 புள்ளி இறக்கத்தோடு முடிந்தது. காலை பத்து மணிக்குள்ளேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் 18 லட்சம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மகளுக்கு இன்ஜினியரிங் சேர்க்கை. அடுத்தவர் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா. மகன் சொன்னான் என்று ரிட்டயர்மென்ட் பணத்தில் பாதியைப் பங்கில் போட்டிருக்கிறார். மூன்றாவது, பெருங்குடியில் ஐ.டி. வேலையில் இருக்கும் 27 வயதுத் தம்பி. மாதம் 15,000 எஸ்.ஐ.பி., அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் போகிறது. "அண்ணா, இதை நிறுத்திட்டு ஒரகடம் பக்கம் ஒரு பிளாட், மனைதான், வாங்கிப் போட்டுடவா?"

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, பணம் எந்தத் தேதியில் வேண்டும். "நீண்ட காலம்" என்பதெல்லாம் பதில் ஆகாது. மகள் சேர்க்கை எந்த ஜூன், வீட்டுக் கடன் எந்த வருடம் முடிகிறது என்று காலண்டரில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, சேதாரம். நகைக் கடையில்தான் இந்த வார்த்தையைச் சொல்கிறோம். உண்மையில் எந்த முதலீட்டிலும் உள்ளே போகும்போது கொஞ்சம், வெளியே வரும்போது கொஞ்சம் உதிரும். வரி, பத்திரச் செலவு, அபராதம், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேதாரம்தான்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. வாசல் திறந்திருக்குமா? அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்று போய் நிற்கும் அன்று, "இப்போது எடுக்க முடியாது" என்று சொல்லிவிடுவார்களா? அப்படிச் சாத்தப்பட்ட வாசல்களின் கதைகள் உண்டு. சொல்கிறேன்.

நாலாவது, ராத்திரித் தூக்கம். அதை நீங்கள்தான் அளக்க முடியும்.

நம் மாதிரி நாடுகளின் சந்தை ஏன் இப்படி விழுகிறது

செம்பரம்பாக்கம் ஏரியில் ஷட்டரைத் திறந்தால் சைதாப்பேட்டையில் தண்ணீர் ஏறும். சைதாப்பேட்டைக்காரர் என்ன தப்புப் பண்ணினார் என்று கேட்டுப் பயனில்லை. வளரும் நாடுகளின் பங்குச் சந்தையும் அந்த மாதிரி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, கடன் பத்திரங்கள் வாங்கிச் சந்தையில் பணத்தை இறைப்பதைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்று அங்குள்ள நாடாளுமன்றத்தில் சொன்னார். அவ்வளவுதான். மே மாதத்தில் 55 ரூபாய் சுற்றில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. ஸ்ரீபெரும்புதூரில் எந்தத் தொழிற்சாலையும் அந்த மூன்று மாதத்தில் சட்டென்று மோசமாகிவிடவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் டாலரில் கணக்குப் பார்க்கிறார். பங்கு விழுந்தால் ஒரு நஷ்டம், ரூபாய் விழுந்தால் அதன் மேல் இன்னொரு நஷ்டம். அதனால் புகை தெரிந்ததுமே கிளம்பிவிடுகிறார். அவர் கிளம்புவதே ரூபாயை இன்னும் இறக்குகிறது. அப்போது இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்தையும் சேர்த்து "எளிதில் நொறுங்கும் ஐவர்" என்றே பெயர் வைத்தார்கள்.

இப்போது ஒரு மாற்றம் உண்டு. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் மாத எஸ்.ஐ.பி. பணம் 8,600 கோடி சொச்சம். 2024 அக்டோபரில் அது 25,000 கோடியைத் தாண்டியது. அதே அக்டோபரில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 94,000 கோடி ரூபாய்ப் பங்குகளை விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளூர் ஃபண்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைத் தாங்கின. அதற்காகச் சந்தை விழாமல் இல்லை. செப்டம்பர் கடைசியில் 26,277ஐத் தொட்ட நிஃப்டி என்ற இன்னொரு குறியீடு, 2025 மார்ச்சில் 22,000க்குக் கீழே எட்டிப் பார்த்தது. ஆனால் 2008 போலத் தலைகுப்புற விழவில்லை.

நம்பிக்கை என்ற சொல்லை எல்லாரும் சும்மா உபயோகிக்கிறார்கள். அது எதனால் உடைகிறது என்பதற்குக் கராச்சியைப் பார்க்க வேண்டும். 2008 ஆகஸ்ட் கடைசியில் அங்கே, குறியீடு ஒரு அளவுக்குக் கீழே போகவே கூடாது என்று தரை போட்டார்கள். விழாத சந்தையில் வாங்கவும் ஆளில்லை. விற்க நினைத்தவர்கள் மூன்றரை மாதம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். டிசம்பர் 15 அன்று தரையை எடுத்ததும் மறுபடி நாள்தோறும் சரிவு. எம்.எஸ்.சி.ஐ. என்ற நிறுவனம் போடும் வளரும் சந்தைகளின் பட்டியலிலிருந்தே பாகிஸ்தானைத் தூக்கிவிட்டார்கள். 1998 செப்டம்பரில் மலேசியாவும் தன் நாணயமான ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டு, வெளிநாட்டார் பங்குப் பணத்தை ஒரு வருடம் வெளியே எடுக்கக் கூடாது என்றது. அந்த நாட்டுப் பொருளாதாரத்துக்கு அது நல்லதா கெட்டதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. உள்ளே பணம் வைத்திருந்தவனுக்கு வாதம் எதற்கு?

இந்தியாவில் 2020 மார்ச் 23 அன்று 10 சதவீதம் விழுந்ததும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். பிறகு திறந்தார்கள். மறுபடி விழுந்து, 3,934 புள்ளி இறக்கத்தில் முடிந்தது. அன்று எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் விற்றே ஆக வேண்டியவர் விற்க முடிந்தது.

வழி 1: விற்றுவிட்டு எஃப்.டி.

என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2008 தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. சென்செக்ஸ் ஒரே நாளில் கிட்டத்தட்ட 11 சதவீதம் சரிந்து 8,701ல் நின்றது. இருந்ததில் பாதியை அன்று விற்றேன். வங்கியில் அப்போது 10 சதவீத வட்டி கிடைத்தது. மறுவாரம் எஃப்.டி. ரசீதைப் பீரோவில் வைத்துப் பூட்டியபோது வந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. அந்த நிம்மதிக்கு நான் கொடுத்த விலை 2009 மே 18 அன்று தெரிந்தது. தேர்தல் முடிவுக்குப் பிறகு வந்த அந்தத் திங்கட்கிழமை, சந்தை ஒரே நாளில் 17 சதவீதம் ஏறியது. மேலே போவதற்கும் தடை உண்டு என்பதால் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். நான் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே விற்பவர் ஒரு முடிவு எடுப்பதில்லை, இரண்டு எடுக்கிறார். எப்போது வெளியேறுவது, எப்போது திரும்பி வருவது. முதலாவதைப் பயம் செய்துகொடுத்துவிடும். இரண்டாவதைச் செய்ய ஆளில்லை.

சேதாரக் கணக்கு: பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி, பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் 1 சதவீதம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். அதற்குப் பிறகு எஃப்.டி. வட்டி முழுதும் உங்கள் வருமானத்தோடு சேரும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 7 சதவீத வட்டி என்பது, செஸ் என்ற கூடுதல் வரியையும் கழித்தால், கையில் 4.8தான். விலைவாசி ஏற்றத்தைச் சமாளிக்க அதுவே திணறும்.

வாசல்: 2019 செப்டம்பரில் மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கியின் கணக்குதாரர்கள் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதன் பிறகு, 2020 பிப்ரவரியில்தான் டெபாசிட் காப்பீடு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம்தான். அரை சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று சின்ன வங்கிக்கு ஓடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். "எஃப்.டி. மாதிரிதான்" என்று சொல்லி விற்கப்படும் கடன் பத்திர ஃபண்டும் எஃப்.டி. ஆகாது. 2020 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் அப்படிப்பட்ட ஆறு திட்டங்களை ஒரே நாளில் மூடியது. பணம் கடைசியில் திரும்ப வந்தது. ஆனால் வேண்டிய அன்று வரவில்லை.

யாருக்கு: மூன்று வருடத்துக்குள் செலவு உள்ளவருக்கு. 60 தாண்டியவருக்கு இதைவிட அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மேல். 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது. அரசு காலாண்டுதோறும் வட்டியை நிர்ணயிக்கும், ஆனால் நீங்கள் சேரும் அன்று உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது.

வழி 2: அசையாமல் எஸ்.ஐ.பி.யைத் தொடர்வது

இது இப்போது கிட்டத்தட்ட மதம் மாதிரி ஆகிவிட்டது. "மார்க்கெட் எப்பவும் திரும்பி வரும்" என்கிறார்கள். வந்திருக்கிறது. 2008 ஜனவரியில் 21,206ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160. பத்து லட்சம் நாலு லட்சத்துக்கும் கீழே. 2010 தீபாவளிக்கு மறுபடி 21,000. 2020ல் இன்னும் வேகம்: மார்ச்சில் 25,981க்கு விழுந்து, நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த இரண்டு கதையையும் எல்லா ஃபண்டு விற்பனைக்காரரும் சொல்வார். சொல்லாத கதை ஒன்று உண்டு. பங்கு மோசடியில் சிக்கிய புரோக்கர் ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில், சென்செக்ஸ் 4,467. பன்னிரண்டு வருடம் கழித்து 2004 மே 17 அன்று, ஆட்சி மாற்றப் பயத்தில் சந்தை சரிந்து இரண்டு தரம் வர்த்தகம் நின்ற நாளில், அது முடிந்த இடம் 4,505. நடுவில் ஏறியது, இறங்கியது, உண்மைதான். டிவிடெண்டும் வந்திருக்கும். ஆனால் உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர் பன்னிரண்டு வருடம் கழித்துக் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். அதில் பாதிக் காலம் எஃப்.டி. இரட்டை இலக்க வட்டி கொடுத்தது. அக்கம்பக்கத்தில் பார்த்தால் இன்னும் கசப்பு. ஷாங்காய் குறியீடு 2007 அக்டோபரில் தொட்ட 6,124ஐ இன்றுவரை திரும்பத் தொடவில்லை. சீனப் பொருளாதாரம் அதன் பிறகு பல மடங்கு வளர்ந்தது. நாடு வளர்வதும் அந்த நாட்டுப் பங்கு வளர்வதும் வேறு வேறு.

மாதாமாதம் போடுகிறவருக்கு இந்தக் கதை இவ்வளவு கசக்காது. அவர் உச்சத்தில் மட்டும் வாங்குவதில்லை. பள்ளத்திலும் வாங்குகிறார். சந்தை பாதியாக விழுந்தால் அதே 15,000 ரூபாய்க்கு இரண்டு மடங்கு யூனிட். எஸ்.ஐ.பி.யின் பலமே விழும் மாதங்கள்தான். விழும் மாதத்தில் நிறுத்துவது, ஆடித் தள்ளுபடியில் கடையை விட்டு வெளியே வந்து தை மாதம் முழு விலைக்கு வாங்குவது போல.

ஆனால் பலர் மறக்கும் ஒரு சங்கதி: பத்து வருட எஸ்.ஐ.பி.யின் பத்தாவது வருடத்தில் அது எஸ்.ஐ.பி. இல்லை. அதுவரை சேர்ந்த மொத்தமும் ஒரே கட்டியாகச் சந்தையில் நிற்கிறது. அப்போது விழுந்தால் மாதம் போடும் 15,000 எதையும் சராசரியாக்காது. அம்பத்தூர்க்காரர் நின்றது சரியாக அந்த இடத்தில்.

தனிப் பங்கு வைத்திருப்பவருக்கு இந்த ஆறுதல் எதுவும் பொருந்தாது. சத்யம் என்ற ஐ.டி. நிறுவனம் 2009 ஜனவரி 7 அன்றும் சென்செக்ஸ் கம்பெனி. கணக்கு மோசடி வெளிவந்த அன்று ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பு போனது. குறியீடு மீண்டது, சத்யத்தை வெளியே தள்ளிவிட்டு.

வாசல் மட்டும் இதில் நல்லது. பங்கை விற்றால் மறுநாள் பணம், ஃபண்டு என்றால் ஓரிரு நாள் கூட. விலைதான் உங்கள் கையில் இல்லை.

வழி 3: தங்கம்

சந்தை விழுந்தால், நகைக் கடைகள் நிறைந்த பனகல் பூங்கா பக்கம் கூட்டம் ஏறும். அம்மாக்களின் இந்த உள்ளுணர்வில் பொருளாதாரம் இருக்கிறது. தங்கம் நமக்கு இறக்குமதிச் சரக்கு. வெளிநாட்டுப் பணம் ஓடும்போது ரூபாய் விழும், ரூபாய் விழுந்தால் உலக விலை அப்படியே நின்றாலும் இங்கே பவுன் விலை ஏறும். 2008ல் 39 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குப் போன டாலர், பங்கில் அடிபட்ட வீடுகளில் நகைப் பெட்டியைக் கனமாக்கியது. நம் மாதிரி நாட்டுக்காரருக்குத் தங்கம் ஒரு குடை.

ஆனால் நகையாக வாங்கினால் குடைக்காரன் தலையைத் தடவிவிடுவான். 100 ரூபாய்த் தங்கத்துக்குச் செய்கூலி சேதாரம் 12 ரூபாய் என்று வையுங்கள். 112க்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 115 ரூபாய் சொச்சம். விற்கும்போது கையில் வருவது தங்கத்தின் விலை மட்டும். பவுன் 15 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் ஆரம்பித்த இடத்துக்கு வருகிறீர்கள். போட்டுக்கொள்ள வாங்குவது வேறு விஷயம், அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. முதலீடு என்றால், பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்டான தங்க ஈ.டி.எஃப். மலிவு. அரசின் தங்கப் பத்திரம் இதைவிட நல்ல ஏற்பாடாக இருந்தது, 2.5 சதவீத வட்டி வேறு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை.

தங்கம் விழாது என்பதும் பொய். 2011ல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது, 2015 கடைசியில் 1,050 பக்கம் கிடந்தது. அந்த உயரத்துக்குத் திரும்ப 2020 வரை ஆனது. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். சென்னையில் அன்றே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது.

வாசல் விஷயத்தில் தங்கத்தை மிஞ்ச ஆளில்லை. எந்தத் தெருவிலும் அரை மணி நேரத்தில் அடகு வைத்து மதிப்பில் பெரும்பங்கை வாங்கலாம். விற்காமலே பணம். சேமிப்பில் பத்துப் பதினைந்து சதவீதம் தங்கமாக இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் இருப்பது பாசம்.

வழி 4: மனை

மனையின் மிகப் பெரிய வசதி, அதன் விலையை யாரும் தினமும் போனில் காட்டுவதில்லை. விழுந்தாலும் தெரியாது. இதைத்தான் பலர் "நிலம் என்றைக்கும் விழாது" என்று சொல்கிறார்கள்.

சேதாரம் நாலு வழியிலும் இதில் கனம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023லிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 2.70 லட்சம் அங்கேயே போயிற்று. அது போக புரோக்கர், வக்கீல், வேலி, வருடா வருடம் போய்ப் பார்த்துவிட்டு வரும் செலவு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுத்துவிட்டுத்தான் முன்பணமே கொடுக்க வேண்டும். பிறகு விற்கும்போது லாபத்துக்கு வரி தனி.

வாசல்? 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வரன்முறை விதிகள் வந்து சிக்கல் தளர 2017 ஆகிவிட்டது. அந்த மாதங்களில் மகள் கல்யாணத்துக்கென்று பிளாட் வாங்கிப் போட்டிருந்தவர்கள், சொத்து இருந்தும் கடன் வாங்கிக் கல்யாணம் செய்தார்கள். கராச்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டது மூன்றரை மாதம். கூடுவாஞ்சேரியில் அதைவிட நீளம். தடை இல்லாத காலத்திலும், அரை கிரவுண்டை மட்டும் நறுக்கி விற்று ஒரு செமஸ்டர் பீஸ் கட்ட முடியாது.

யாருக்கு: வீடு கட்டி அங்கேயே குடியிருக்கப் போகிறவருக்கு. சந்தை விழுந்த பயத்தில் ஓடி வருகிறவருக்கு இல்லை.

ஒரே பார்வையில்

| | எஃப்.டி. | எஸ்.ஐ.பி. தொடர்வது | தங்கம் | மனை |
|---|---|---|---|---|
| பணம் வேண்டிய காலம் | 3 வருடத்துக்குள் | 8, 10 வருடத்துக்கு மேல் | எப்போதும் கொஞ்சம் | தேதியே இல்லாத பணம் |
| சேதாரம் | வட்டி முழுதுக்கும் வரி | லாபத்தில் 12.5 அல்லது 20 சதவீதம் | நகை என்றால் 15 சதவீதம் பக்கம் | வாங்கும்போதே 9 சதவீதம் |
| வாசல் | வங்கிக்கு 5 லட்சம் வரை பயமில்லை | ஓரிரு நாள், விலை அன்றைய விலை | அரை மணி நேரம் | மாதங்கள் |
| மறைந்திருக்கும் ஆபத்து | விலைவாசி | பத்து வருடத் தேக்கம் | வரி மாற்றம், நீண்ட தூக்கம் | வில்லங்கம், வெள்ளம் |

அந்த மூன்று பேர்

அம்பத்தூர்க்காரரிடம் விற்கச் சொன்னேன், ஆனால் சந்தை விழுந்ததற்காக இல்லை. சந்தை உச்சத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டு வருடத்தில் கட்ட வேண்டிய பீஸ் பங்கில் இருக்கக் கூடாது. நாலு வருடப் படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதினோம்: ஹாஸ்டலோடு 11 லட்சம். அதை ஆறு மாதத்தில், மாதம் ஒரு பங்காக, இரண்டு வங்கிகளுக்கு மாற்றினார். மிச்சம் 7 லட்சம் அப்படியே கிடக்கிறது. அது அவருடைய ஓய்வுக் காலத்துக்கு. பிறகு சந்தை ஏறியபோது ஒரு தடவை கூப்பிட்டு, "அவசரப்பட்டுட்டமோ சார்?" என்றார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கவுன்சிலிங் கட் ஆஃப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும் அவரே சொன்னார்.

டீச்சர் அம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது என்பது இரண்டாவது போனில்தான் தெரிந்தது. அது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மாதச் செலவுக்கு இந்தப் பணத்தை எதிர்பார்க்காதவர் பதறி விற்கத் தேவையில்லை. ஆனால் அவர் தூங்கவில்லை. ஆகவே பாதிக்குப் பாதி என்பதைக் கால் பங்காக இறக்கி, மீதியை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டோம். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம். கணக்குப்படி அவன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை அவன் போடவில்லையே.

பெருங்குடித் தம்பியிடம் வாக்குவாதம் செய்யவில்லை. பிளாட் வாங்கு, ஆனால் ஏப்ரல் வெயிலில் பார்த்து முன்பணம் கொடுக்காதே, நவம்பர் மழையில் ஒரு தரம் போய்ப் பார் என்றேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். போனான். பேன்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "இதாண்ணா என் கார்னர் பிளாட்" என்று தண்ணீர் நடுவிலிருந்து போட்டோ அனுப்பினான். எஸ்.ஐ.பி. ஓடிக்கொண்டிருக்கிறது.